பின் டயரில் பத்து பவுண்டு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் தம்புச்செட்டித் தெருவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போய் உட்கார வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. உத்தரவு வந்துவிட்டது. அப்பா அதை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். கறுப்புக் கோட்டும் தைத்து வந்து கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே வேலையில் சேர்ந்துவிட்ட யாரோ ஒருவன் வீட்டுக்குள் வந்து நிற்பது போல இருக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கிப் போவேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இண்டர்மீடியட் தேறியிருந்தேன். புத்தகத்தை விட மோட்டார்தான் என்னை இழுத்தது. எங்கள் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு கார் திரும்பினால் கூடத்தில் உட்கார்ந்தபடியே எத்தனை சிலிண்டர், எதில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். வீட்டில் இதை ஒரு வியாதியாகத்தான் நினைத்தார்கள். குமாஸ்தா உத்தியோகம் அதற்கு மருந்து.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அத்திம்பேர்.

அக்காவை மாம்பலத்தில் கொடுத்திருந்தது. தியாகராய நகர் என்று பெயர் வைத்துப் புதிது புதிதாகத் தெரு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது மாம்பலமாகவே இருந்தது. அத்திம்பேர் வக்கீல். கோர்ட்டுக்குப் போவது அவருக்குப் பொழுதுபோக்கு. திறந்த நாலு சிலிண்டர் கார் ஒன்று வைத்திருந்தார், அதுதான் தொழில். காரைப் பற்றிப் பேச அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. காரைத் தொட எனக்கு ஒரு கார் வேண்டியிருந்தது. அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம்.

அடையாற்றில் ஆற்றை ஒட்டி ஒரு ஜமீன்தாருக்குப் பெரிய தோட்டம். அதைச் சுற்றிச் செம்மண்ணும் சரளையும் போட்ட பாதை முக்கால் மைல் இருக்கும். மோட்டார்ப் பித்துப் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே பந்தயம் மாதிரி ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு கார். பத்துச் சுற்று. குறைந்த நேரத்தில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். மவுண்ட் ரோடில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு மானேஜராக இருந்த துரை ஒருவர் கடிகாரம் பிடிக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கிழமை நம்ப வண்டி நன்னா ஓடட்டும். ஓடி முடிஞ்ச கையோட உன்னை மானேஜர்கிட்டே கொண்டு நிறுத்தறேன். டயரெல்லாம் இவன் கைவேலைன்னு சொல்றேன். ஒர்க்ஷாப்லே எடுத்துப்பார். உங்கப்பாகிட்டே நான் பேசிக்கறேன். மாப்பிள்ளை கேட்டு அவர் மாட்டேன்னுடுவாரா என்ன?"

மாட்டார். அது எனக்கும் தெரியும். அப்பா சுவாமியிடம் கூட வாதாடுவார், மாப்பிள்ளையிடம் மாட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கார் நன்றாக ஓடினால் நான் பட்டறைக்குப் போகலாம். ஓடாவிட்டால் தம்புச்செட்டித் தெரு.

டயரைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அழகும் தெரியாது. டயரில் காற்று அதிகமானால் அது கல்லாகிவிடும். சரளையில் பிடிப்பில்லாமல் துள்ளும். குறைந்தால் வயிறு தொங்கும். வளைவில் வண்டி தள்ளாடும். அதோடு உள்ளே இருக்கிற ட்யூப் இடம் பெயர்ந்து நகர ஆரம்பிக்கும். ட்யூப் நகர்ந்தால் அதோடு ஒட்டியிருக்கும் வால்வு சாயும். இன்னும் நகர்ந்தால் வால்வு பிய்ந்துகொண்டு வரும், ஒரே நொடியில் அத்தனை காற்றும் போய்விடும். இதெல்லாம் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, உள்ளே இருக்கும் காற்று சொன்ன இடத்தில் நிற்காது என்பது. ஓட ஓட டயர் சூடாகிறது. சூடாக ஆக அழுத்தம் ஏறுகிறது.

மூன்று வாரம் விடிகாலையில் அத்திம்பேரின் காரைக் கடற்கரைச் சாலையில் ஓட விட்டு, நிறுத்தி நிறுத்தி, காற்றின் அழுத்தத்தைப் பவுண்டில் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தோம். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினேன். பின் டயர் இருபத்தொன்பது பவுண்டில் கிளம்பினால், வேகமாக ஐந்து மைல் ஓடுவதற்குள் முப்பத்தைந்தைத் தொட்டுவிடும். அந்தக் காருக்கு முப்பத்தைந்துதான் சுகம். முப்பத்தைந்தில் ஓட வேண்டும் என்று முப்பத்தைந்திலேயே கிளம்புகிறவன் நாற்பத்தொன்றில் போய் மரத்தில் நிற்பான். கிளம்பும்போது குறைவாக இருக்க வேண்டும், எவ்வளவு குறைவு என்பதில்தான் வித்தை. வெயிலும் சேர்ந்துகொள்ளும். காலை வெயிலில் கார் ஒரு பக்கமாக நின்றால் அந்தப் பக்கத்து இரண்டு டயரும் மட்டும் இரண்டு பவுண்டு ஏறி நிற்கும்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே ஈரச் சாக்கு ஏற்பாடு செய்தேன்.

இன்னொரு சாமர்த்தியமும் கைவந்தது. வால்வுக்குள் இருக்கும் ஊசியை ஆணியால் அழுத்திக்கொண்டு நிதானமாக ஒன்று என்று எண்ணினால் ஒரு பவுண்டு இறங்கும். ஐந்து எண்ணினால் ஐந்து. கேஜே வேண்டாம். மீர்சாகிப்பேட்டையிலிருந்து எங்களோடு வந்துகொண்டிருந்த மெக்கானிக் பாய் முதலில் நம்பவில்லை. ஒரு டீ பந்தயம் கட்டினார். தோற்றார். "உன் வெரல்லயே கேஜ் கீது நைனா" என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த வார்த்தை எனக்கு டீயை விட இனித்தது.

பாய்க்கு முப்பது வயது இருக்கும். அவர் வாயில் எப்போதும் வெற்றிலையும் கேலியும் இருக்கும். பேசுவது மெட்ராஸ் தமிழ், எண்ணுவது மட்டும் உருது. கேஜைப் பார்ப்பார், உதடு முணுமுணுக்கும், ஒரு கணம் கழித்துத் தமிழில் எண் வரும். அந்த ஒரு கணம் எனக்குப் பொறுக்கவில்லை. எதிலும் எனக்கு அவசரம். கடற்கரை ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு, பந்தயத்துக்கு முதல் நாள் சொன்னேன்:

"பாய், எனக்காக மாத்திச் சொல்ல வேண்டாம். உருதுவிலேயே சொல்லுங்கோ. எனக்குத் தெரியும்."

"அட! எப்ப கத்துக்கினே?"

"காதாலே கேட்டுக் கேட்டுத்தான்."

"அட்டாயீஸ்?"

"இருபத்தெட்டு."

"பைன்தீஸ்?"

"முப்பத்தஞ்சு."

"பலே! எங்க பேட்டைலயே பொண்ணு பாத்துடலாம் போல கீதே" என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உருதுதான்.

நான் யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டறையில் பாயும் அவர் தம்பியும் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பொறுக்கியதுதான். மீதியை யுக்தியால் நிரப்பினேன். தீஸ் என்றால் முப்பது. இக்தீஸ் முப்பத்தொன்று, பத்தீஸ் முப்பத்திரண்டு. இப்படி அட்தீஸ், அதாவது முப்பத்தெட்டு வரைக்கும் எட்டு வார்த்தைகள் கையில் இருந்தன. எல்லாம் தீஸில் முடிகின்றன. முன்னால் ஒரு சின்ன எண் ஒட்டிக்கொள்கிறது. விட்டுப்போனது முப்பத்தொன்பது ஒன்றுதான். உன்தீஸ் என்று ஒரு வார்த்தை எப்போதோ காதில் விழுந்து, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தில் அதை உட்கார்த்தி வைத்தேன். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் கார் மூன்றாவது. காரின் பின்பக்கம் கிழக்கே பார்த்து நின்றது. வேறு இடம் இல்லை. டயர்கள் மேல் ஈரச் சாக்குப் போட்டிருந்தேன். முதல் இரண்டு கார்களும் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் ஏறியது. மாமரத்தடியில் நாற்காலி போட்டு மானேஜர் துரை கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை யாருடையது என்பது அவர் தலையாட்டலில் இருந்தது.

எங்கள் முறை வந்தது. பாய் குனிந்து கேஜ் வைத்தார். முன் டயர்கள் இரண்டும் சரி, இருபத்தேழு. பின்னால் போய்ச் சாக்கை எடுத்துவிட்டு வைத்தார்.

"உன்தீஸ்!" என்று கத்தினார். மறுபக்கம் போனார். "இதுவும் உன்தீஸ்! ஜோரா கீது!"

அப்படியே எழுந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கேஜும் அவர் பையோடு போய்விட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொன்பதா! ஆனால் உடனே காரணமும் கிடைத்தது. பின்பக்கம்தானே வெயிலைப் பார்த்து நின்றது? சாக்கும் காய்ந்திருந்தது. மாம்பலத்திலிருந்து வந்த சூடும் சேர்ந்திருக்கும். ஜோராக இருக்கிறது என்று பாய் சொன்னதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன். அத்திம்பேர் சீட்டில் ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். "வாடா, ஏறுடா! துரை கையைத் தூக்கிண்டு நிக்கறார்!"

குனிந்தேன். ஆணியை வைத்து அழுத்திப் பத்து எண்ணினேன். மறுபக்கம் ஓடி இன்னொரு பத்து. என் விரலுக்குத்தான் கேஜ் வேண்டாமே! வால்வு மூடியைத் திருகிவிட்டு, ஓடிப் போய் அத்திம்பேர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வளைவில் கனத்துக்காகப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்.

துரை கையை இறக்கினார். கார் பாய்ந்தது.

முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. சந்தோஷத்தில் நான் என்னவோ கத்தினேன். இரண்டாவது சுற்றில் கிணற்று வளைவு வந்தது. பாதை அங்கே ஒரு பெரிய கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒட்டித் திரும்பும். முன்பக்கம் திரும்பிவிட்டது. பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு வந்தது.

கடற்கரைச் சாலையில் இப்படி ஒரு நாளும் வந்ததில்லை. இருபத்தொன்பதில் இது நடக்காது. மூன்றாவது சுற்றில் கதவின் மேல் சாய்ந்து பின்னால் எட்டிப் பார்த்தேன். டயர் தரையைத் தொடும் இடத்தில் அதன் வயிறு பிதுங்கிக்கொண்டிருந்தது, எட்டு மாதக் குழந்தை உட்கார்ந்தால் பிதுங்குவது போல. எங்கேயோ பத்து பவுண்டு அதிகமாகப் போயிருக்கிறது. என் விரல் பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொன்னது எது?

அப்போதுதான் தோன்றியது: இருபத்தொன்பதுக்கு உருதுவில் என்ன?

மனசுக்குள் எண்ணினேன். பச்சீஸ், இருபத்தைந்து. சப்பீஸ். சத்தாயீஸ். அட்டாயீஸ், இருபத்தெட்டு. அடுத்தது... தீஸ். இல்லை, தீஸ் முப்பது. நடுவில் ஒரு பள்ளம். மறுபடி எண்ணினேன். மறுபடியும் அதே இடத்தில் பள்ளம். முப்பதுகளில் விட்டுப்போன ஒன்றைத் தேடித் தேடி அடைத்தவன், இருபதுகளில் ஒன்று விட்டுப்போயிருப்பதைப் பார்க்கவே இல்லை. உன்தீஸ், முப்பதுக்கு ஒன்று குறைய. நம் தொண்ணூறும் அப்படித்தானே, பேரில் நூறை வைத்துக்கொண்டு பத்துக் குறைந்து நிற்கிறது? தமிழில் பிறந்து தமிழில் எண்ணக் கற்ற எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பாய் சொன்னது இருபத்தொன்பது. நான் அதிலிருந்து பத்தை எடுத்துவிட்டேன். பின்னால் இரண்டு டயரிலும் இருந்தது வெறும் பத்தொன்பது.

நாலாவது சுற்று. கதவு இடுப்பை நெருக்கியது. கால் நீட்ட இடமில்லை. இந்தப் பக்கம் அத்திம்பேரின் முழங்கை, அந்தப் பக்கம் ஓடுகிற தரை. ஆறு சுற்று மீதி. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கிணறு ஒரு தடவை வரும். உள்ளே ட்யூப் நகர்ந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். வால்வு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. ஓடுகிற சக்கரத்தில் அதைப் பார்க்க முடியாது. சொல்லிவிடலாம். சொன்னால் கார் நிற்கும். கார் நின்றால் திங்கட்கிழமை வரும். சொல்லாமலிருந்தால் ஒரு வேளை தாங்கும். கார் ஜெயித்தாலும் ஜெயிக்கும். ஒரு சுற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது சுற்றில் கிணற்றுச் சுவரை இடித்துவிடுவது போல் பின்பக்கம் வீசிப் போயிற்று. அத்திம்பேர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பினார். அவருக்கு உற்சாகம்தான். தன் ஓட்டத்தின் வேகம் என்று நினைத்துக்கொண்டார்.

"நிறுத்துங்கோ!" என்று கத்தினேன்.

"என்ன?"

"நிறுத்துங்கோ! பின்னாலே காத்து இல்லே!"

"காத்தா? நன்னா வீசறதே!"

"டயர்லே! டயர்லே இல்லே! நான்தான் எறக்கிட்டேன்!"

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோடா!" என்று சிரித்தார். காதில் விழுந்ததோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்து அவராகவே ஒன்றை முடிவு செய்துவிட்டார். அதற்கு மேல் நான் எது கத்தினாலும் அது பயம்தான்.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டார். மாமரம் கடந்து போயிற்று, துரை விரல் விட்டு ஏதோ காட்டினார், யாரோ கைதட்டினார்கள். மறுபடி தென்னை வரிசை. அது முடிந்தால் கிணறு. எஞ்சின் ஸ்விட்ச், பித்தளைக் குமிழ், எதிரே பலகையில் இருந்தது. கையை நீட்டினேன். அவர் ஓங்கி அடித்தார். மறுபடி நீட்டித் திருகினேன்.

சத்தம் செத்தது. ஒரு தடவை டப்பென்று வெடித்தது. கார் தன் கனத்திலேயே உருண்டு, தள்ளாடி, கிணற்றுக்கு இருபது கஜம் முன்னால் நின்றது. திடீரென்று காக்கை கத்துவதெல்லாம் கேட்டது.

"பைத்தியம் பிடிச்சுடுத்தாடா உனக்கு?" அத்திம்பேர் கத்தினார். "துரை விரலாலே என்ன காட்டினார் தெரியுமா? நாமதான் முன்னாடி! நாமதான்டா முன்னாடி!"

இறங்கிப் போய்ப் பின் சக்கரத்தைக் காட்டினேன். வால்வு நேராக நிற்க வேண்டியது. காது பிடித்து இழுத்த பையன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடியில் ரப்பர் பிளந்து ஒரு கோடு தெரிந்தது. அத்திம்பேர் டயரைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கிணற்றைப் பார்த்தார். மறுபடி வால்வைப் பார்த்தார்.

"யார் எறக்கினது?"

"நான்தான். பாய் இருபத்தொன்பதுன்னார். எனக்கு முப்பத்தொன்பதுன்னு பட்டுது."

அவர் என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. தென்னை வரிசைக்கு அப்பாலிருந்து ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். கோர்ட்டில் எதிர்க்கட்சி ஒரு கேள்வி கேட்டதும் மாறுமே, அந்த மாற்றம். காரில் காற்றைக் கூடச் சரிபார்க்காமல் வந்து நடுவழியில் நின்றவர் என்று அவரால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க முடியாது.

"உக்காரு" என்றார், மெதுவாக. "கீழே உக்காரு. கண்ணை மூடிக்கோ."

"எதுக்கு?"

"உக்காருடா!"

உட்கார்ந்தேன். துரை முதலில் வந்து சேர்ந்தார். "என் மைத்துனனுக்கு மயக்கம் வந்துவிட்டது" என்று அத்திம்பேர் இங்கிலீஷில் சொல்வது கேட்டது. "இந்த வேகம் அவனுக்குப் பழக்கமில்லை. பையன் உயிரா, பந்தயமா? நிறுத்திவிட்டேன்."

எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். என் தலைக்குக் கீழே யாரோ குஷனை வைத்தார்கள். யாரோ சோடாவை உடைத்து மூஞ்சியில் தெளித்தார்கள். படுத்துக் கிடந்தேன். பாய் வந்து சக்கரத்தருகே குந்தி உட்கார்வது தெரிந்தது. கேஜ் வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்; வெற்றிலை வாசனை அடித்தது.

"இருவத்தி மூணு கீது, இத்தினி சூட்டுல" என்றார், இந்தத் தடவை தமிழில். "நான் உன்தீஸ் வெச்சிட்டுத்தானே போனேன்? எவன் எறக்குனது?"

"பாய், உன்தீஸ்னா..."

"முப்பதுக்கு ஒண்ணு கம்மி." பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்குகிற மூச்சு என் காதில் பட்டது. "யா அல்லா! நைனா, நீ நல்லா மயங்கு. எழுந்துக்காதே. எழுந்தேன்னா உன் மானம், வக்கீல் மானம், என் பட்டறை மானம், மூணும் பூடும்."

அந்த அரை மணி நேரத்தைப் போல நான் எங்கேயும் மாட்டிக்கொண்டதில்லை. கையும் காலும் நன்றாக இருக்கின்றன, நாக்கு இருக்கிறது, அசையக்கூடாது. என்னைத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடி பெஞ்சியில் கிடத்தினார்கள். அடுத்த கார் ஓட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டே அது சரளையில் துள்ளும் சத்தத்தைக் கேட்டேன். நாலு டயரிலும் ஐந்தாறு பவுண்டு அதிகம். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் போல் உடம்பு பரபரத்தது.

துரை ஓய்வாக இருந்த ஒரு சமயம் என் பக்கம் வந்து நின்றார். அவருடைய நிழல் என் முகத்தில் விழுந்தது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை. கண்ணைத் திறந்தேன்.

"சார், எனக்கு மயக்கம் வரவில்லை" என்றேன், இங்கிலீஷில்.

அவர் புன்னகை செய்தார். "வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"இல்லை சார். பின் டயரில் பத்து பவுண்டு குறைத்துவிட்டேன். உன்தீஸ் என்பதை முப்பத்தொன்பது என்று நினைத்துவிட்டேன். அது இருபத்தொன்பது. வால்வு சாய்ந்துவிட்டது. அதனால்தான் ஸ்விட்சை அணைத்தேன். இருபத்தொன்பதில் கிளம்பினால் ஐந்து மைலில் முப்பத்தைந்து வரும் சார், வெயில் பக்கம் மட்டும்..."

மூச்சு விடாமல் பேசினேன். அவர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி அத்திம்பேரைக் கூப்பிட்டார். "பையன் எண்களாகப் பிதற்றுகிறான். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வெயிலில் விடாதீர்கள்." நிஜமான கரிசனம் அது. அதற்கு எதிராக நான் என்ன செய்ய முடியும்?

பாய் வால்வு சாய்ந்த ட்யூபை மாற்றி, பின் டயர் இரண்டிலும் காற்று அடித்துக் கொடுத்தார். மயிலாப்பூர் திரும்பும் வழியில், லஸ் முனையில் அத்திம்பேர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்தினது நல்லதுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அக்கா முதல் நாளே வந்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைவதற்குள் என் சட்டை ஈரத்தைப் பார்த்து அம்மா பதறினாள். அத்திம்பேர் தோட்டத்தில் சொன்னதையே தமிழில் சொன்னார். ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்ல வக்கீலுக்கு வராது.

இலை போட்டு உட்கார்ந்தோம். அப்பா இலையைச் சுற்றி ஜலம் விட்டுப் பரிசேஷணம் பண்ணி முடித்ததும் ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? வெயில்லேயும் எண்ணெய்லேயும் அலையற வேலை இவன் உடம்புக்கு ஆகாது. மாப்பிள்ளையே கண்ணாலே பார்த்துட்டார். நாளைக்குச் சேரப்போற ஆபீஸ்லே ஃபேன் சுத்தறதாம்."

அத்திம்பேர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்ன வார்த்தை ஏதாவது வரும் என்று ரசம் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வரும்? வேகம் தாங்காமல் விழுந்தவன் என்று சொன்ன வாயால், இவனை மோட்டார் பட்டறையில் விடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு மயக்கம் வரலைப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வரலையா? பின்னே மாப்பிள்ளை சொன்னாரே?"

அத்திம்பேரின் கை ரசம் சாதத்தில் நின்றது. அக்கா நெய்க் கரண்டியோடு அவர் இலைக்கு முன்னால் குனிந்திருந்தாள். அப்படியே குனிந்தபடி என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அடுத்து நான் சொல்லப்போவது அவள் புருஷனைத் தன் தகப்பனார் முன்னால் பொய்யனாக்கிவிடும் என்று மட்டும் தெரிந்துவிட்டது. கரண்டியில் நெய் தளும்பிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் அதே காரில் ஏறி மாம்பலம் போக வேண்டும்.

"சொல்லேண்டா. வந்துதா, வரலையா?"

"லேசாத்தான் வந்தது" என்றேன்.

"லேசோ, பலமோ, மயக்கம் மயக்கம்தானே" என்று சொல்லிவிட்டு அப்பா மோருக்குக் கை காட்டினார்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஆபீஸுக்குப் போய்விட்டேன். இது மூன்றாவது வருஷம். மாடியில் எல்லா மேஜைகளும் தெருப்பக்க ஜன்னலைப் பார்த்து இருக்கின்றன. கீழே போகிற மோட்டார்கள் தெரியும். எனக்கு மட்டும் உள்ளே, சுவரோரமாக, ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருக்கிறார்கள். பையனுக்கு மயக்கம் வரும், வெயில் படாத இடமாகக் கொடுங்கள் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பெரிய குமாஸ்தா வீட்டுக்குச் சீட்டு அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.